சுங்குடி விற்கக் கற்றுக்கொண்டேன்

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். சின்னாளபட்டிக்கு பஸ் ஏறிப் போய், ஒண்ணு 450 ரூபாய்னு 20 சுங்குடிச் சேலை எடுத்து வந்தேன். "வீட்டு வேலையை விட்டுட்டு துணி மூட்டை தூக்குறாளே" என்று மாமியாருக்கு வருத்தம். ராத்திரி ட்யூப் லைட் வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். முதல் மாதமே ஏழு சேலை 600 ரூபாய்க்குப் போச்சு.

அந்தச் சந்தோஷம் நிலைக்கலை. பக்கத்து டவுன் டீச்சர் ஒருத்தர் சேலையோடு வந்துட்டாங்க. "படத்தில் மெரூன், கையில் சிவப்பு. சாயம் இறங்கி பிள்ளை யூனிஃபார்ம் பாழாப்போச்சு. கைமுடிச்சுன்னு சொன்னீங்க, இது அச்சு" என்றார்கள். எனக்கே வித்தியாசம் தெரியாமத்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். நாலு சேலை வித்த லாபம் ஒரே நாளில் போச்சு. விட்டுடலாம்னு நினைச்சேன். ஆனா கடன் தவணை நிக்குதே!

அடுத்த குழுக் கூட்டத்தில் மறைக்காம சொன்னேன். எங்க கணக்கு எழுதுற அக்கா, "பணம் கொடுத்தது சரி. விக்கிற பொருளை முதல்ல நீ தெரிஞ்சுக்கோ" என்றார். அதுக்கப்புறம் முடிச்சுப் போடுற ஒரு பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்க்கிறார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. கையால் கட்டுவதால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, துணியில் லேசாகச் சுருக்கமும் தெரியும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. கைமுடிச்சுக்கு நாள்கணக்கில் வேலை. அதனால் விலையும் கூட.

இப்போ நான் செய்றதைச் சொல்றேன். பகல் வெளிச்சத்தில் முந்தி, பார்டர், உடல் மூணையும் படம் எடுக்கிறேன். டேப் வைச்சு நீளம் அளந்து, ரவிக்கைத் துணி உண்டா இல்லையான்னு எழுதுறேன். ஓரத்தை நனைச்சு வெள்ளைத் துணியில் தேய்ச்சுப் பார்க்கிறேன். முதல் ரெண்டு மூணு தடவை தனியாத் துவைச்சு நிழலில் காயப்போடச் சொல்றேன். பஸ் செலவு, கவர், கூரியர் எல்லாம் நோட்டில் எழுதின பிறகுதான் விலை வைக்கிறேன்.

கடன் வட்டியோடு அடைஞ்சாச்சு. அதே டீச்சர் இந்தப் பொங்கலுக்கு 11 சேலை வாங்கினாங்க. அச்சுச் சேலைதான், அச்சுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். மாமியார் இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. ஆனா ஈரம் தேய்ச்சுப் பார்க்கிறது இப்போ அவங்க வேலை.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம கூட்டமைப்புக் கடையில் வைக்கிற ஒவ்வொரு சேலையிலும் 'கைமுடிச்சு', 'அச்சு' என்று சீட்டு ஒட்டணும். ஒருத்தி பொய் சொன்னா நம்ம எல்லாருடைய சரக்கையும்தான் சந்தேகப்படுவாங்க.