தராக்கி என்னும் பத்திரிகையாளர்

மட்டக்களப்பு வாவி நிலத்தை இரு கூறாக்குகின்றது. கதிரவன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அவன் மறையும் வயற்பக்கம் படுவான்கரை. போர்க்காலத்தில் நகரமும் கடற்கரைச் சாலையும் அரச படையினரிடம் இருந்தன. படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையில் இருந்தது. ஒரு கரையின் செய்தி மறுகரைக்குப் பெரும்பாலும் வதந்தியாகவே வந்து சேர்ந்தது. இத்தகைய மண்ணிற் பிறந்து, ஒரு பத்திரிகைக்கு மட்டும் உரியவராகாது பலவற்றிலும் எழுதிப் புகழ் பெற்றவர் தர்மரத்தினம் சிவராம்.

இவர் 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மட்டக்களப்பிற் பிறந்தார். புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றார். பின்னர்ப் பேராதனைப் பல்கலைக்கழகம் புகுந்தார். எனினும் 1983இன் வன்செயல்களையடுத்துக் கல்வியைக் கைவிட்டுத் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தில் முழுமையாக ஈடுபட்டார். 1989இல் அவ்வியக்க வாழ்வை விடுத்துப் பேனாவைக் கையிலெடுத்தார். அவரைச் செய்தித் துறைக்கு அழைத்துவந்த நண்பர் ரிச்சர்ட் டி சொய்சா 1990 பெப்ரவரியிற் கொலையுண்டார். தொழிலின் விலை யாதென்பதைச் சிவராம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்; ஆயினும் பின்வாங்கினாரல்லர்.

‘தி ஐலண்ட்’ பத்திரிகையில் ‘தராக்கி’ என்னும் பெயரில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளைத் தமிழரும் சிங்களவரும் படித்தனர். களத்தில் நின்ற படைத்துறையினரும் படித்தனர். காரணம் என்ன? மாண்டோரை எண்ணிக் கூறுவதோடு அவர் நிற்கவில்லை. சாலை எவ்வழி செல்கின்றது, நீர்நிலை எங்கே தடுக்கின்றது, எக்குடியேற்றம் எதைக் காக்கின்றது என நிலத்தைக் கொண்டே போரை விளக்கினார். வாவிக்கரையில் வளர்ந்தவருக்கு அது இயல்பாக வாய்த்த பார்வை. தமிழிலும் வீரகேசரி முதலிய ஏடுகளில் எழுதினார். தமிழ்நெட் இணையத் தளத்தின் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்து, வடகிழக்கின் ஊர்ச் செய்தியாளர்களுக்குப் பயிற்சியளித்தார். 

பிற்காலத்தில் அவர் புலிகளின் பக்கம் சாய்ந்தாரெனக் குறை கூறியோரும் உளர். அவர்களும் அவரைப் படியாது விட்டாரல்லர்.

சுயாதீனப் பத்திரிகையாளனுக்கு எழுத்துக்குக் கூலி உண்டு. நிலையான சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, இடர் வந்தால் முன்னின்று காக்கும் நிறுவனமும் இல்லை. 2004 மே 31இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓராண்டு நிறையுமுன், 2005 ஏப்ரல் 28ஆம் நாளிரவு கொழும்பு பம்பலப்பிட்டியிற் சிவராம் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்தின் அயலில் அவரது உடல் கிடந்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் தனித்தனர். அக்கொலைக்காக இதுவரை எவரும் தண்டனை பெறவில்லை.

மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் 2007இல் அவரது வாழ்வை நூலாக்கினார். நூல் ஒருவரின் நினைவைக் காக்கும். நீதியோ இனிமேல் எழுதவிருப்போரைக் காக்கும். முன்னது கிடைத்துவிட்டது, பின்னது இன்னும் கிடைக்கவில்லை.