மினமாட்டா கற்ற பாடம்

தன் வீட்டுக் குப்பையை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, வீடு தூய்மையாயிற்று என்று மகிழ்பவனை அறிவுடையோன் என்று எவருங் கூறார். ஆயினும், ஆலைகளும் நகரங்களும் நெடுங்காலமாக இதனையே செய்து வந்தன. அதன் விலை யாதென்பதை உலகுக்கு உணர்த்திய ஊர், யப்பானின் கியூசூத் தீவிலுள்ள மினமாட்டா.

அவ்வூர்க் கடலில் இரசாயன ஆலையொன்று தன் கழிவுநீரைக் கலந்து வந்தது. அந்நீரிலிருந்த பாதரசச் சேர்மம் மீனைச் சேர்ந்தது. மீன் வழியே மனிதரைச் சேர்ந்தது. கைகால் நடுங்கின, பார்வை குன்றிற்று, பேச்சுக் குழறிற்று. கருவிலிருந்த குழவியுந் தப்பவில்லை. 1956ஆம் ஆண்டு மே மாதம் அந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆலைக் கழிவே காரணமென அரசாங்கம் ஏற்றுக்கொண்டதோ 1968ஆம் ஆண்டிலேதான். ஆலையால் பிழைத்தோர், ஆலையால் நோயுற்றோர் என ஊர் இரண்டுபட்டது.

அந்த நகரமே 1992இல், சுற்றாடல் முன்மாதிரி நகராக விளங்குவதெனப் பிரகடனஞ் செய்தது. மறு ஆண்டில், குப்பையை ஏறத்தாழ இருபது வகையாகப் பிரிக்கும் வழக்கந் தொடங்கிற்று. குறித்த நாளில் அயலவர் ஓரிடத்திற் கூடி, போத்தல்களை நிறவாரியாகவும் தகரங்களை வேறாகவும் தாமே பிரித்து வைத்தனர். 1999இல் நகரசபை, சுற்றாடல் முகாமைத்துவத்துக்கான ஐ.எஸ்.ஓ. 14001 என்னும் சர்வதேச நியமச் சான்றிதழைப் பெற்றது.

அந்நியமம் கூறும் முறை எளிது. தன் பணிகளாற் சுற்றாடலுக்கு நேருந் தீங்குகளைச் சபை முதலிற் பட்டியலிடல் வேண்டும். எதனை, எவ்வளவு, எக்காலத்துக்குள் குறைப்பதென இலக்கு வகுத்தல் இரண்டாவது. செயற்படுத்தல் மூன்றாவது. அளந்து பார்த்து, பிழை திருத்தி, மீண்டுந் தொடங்குதல் நான்காவது. அலுவலகத்தின் மின்சாரம், கடதாசி, எரிபொருள் யாவும் கணக்கில் வரும்.

எனினும், சான்றிதழ் சுவரிலே தொங்க, கழிவு வாய்க்காலிலே ஓடுதலுங் கூடும். அந்நியமம் முறையைச் சோதிக்குமேயன்றி, இத்துணைத் தூய்மை வேண்டுமென வரையறுப்பதில்லை. ஆகவே, சோதிப்பவர் யார் என்பதே வினா. மினமாட்டா 2003இல் வெளியார் தருஞ் சான்றிதழை விடுத்து, நியமத்தின்படி ஒழுகுவதாகத் தானே பிரகடனஞ் செய்து, நகரமக்களையுந் தணிக்கையிற் சேர்த்துக்கொண்டது. பாடசாலைகளுக்கும் இல்லங்களுக்கும் ஏற்ற எளிய முறைகளும் வகுக்கப்பட்டன.

உண்மையைக் கேட்கப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த மக்கள், பின்னர்த் தம் நகரசபையின் கணக்கேட்டைத் தாமே புரட்டினர். எந்த ஊர்ச் சபையும் கைக்கொள்ளத்தக்க முறைமை அதுவே. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை; ஏட்டை மறைக்காத நேர்மையும், அதனைக் கேட்டு வாங்கிப் படிக்கும் குடிமக்களுமே வேண்டும்.