வீட்டைக் காலி செய்யச் சொன்னால்...

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நமக்குக் கொடியும் தேரும் விருந்தும் நினைவுக்கு வருகின்றன. லேவியர் நூலைப் புரட்டிப் பார்த்தால், ஐம்பதாம் ஆண்டில் இழந்த நிலம் அந்தந்தக் குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்ற கட்டளையே அங்கே இருக்கிறது. ஆகவே இந்நன்னாளில் வாடகை வீட்டைப் பற்றி நான் பேசுவது பொருத்தமற்றது என்று எவரும் எண்ணவேண்டாம்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், கணவனை இழந்த ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு ஒரு மாலை வந்து நின்றார். "சாமி, நாளைக்கே காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றார். நான் என்ன செய்தேன்? வீட்டுக்காரரோடு வம்பு வேண்டாம் என்று சமாதானம் சொல்லி, வண்டிக் கூலி கொடுத்து அனுப்பினேன். பெரிய தருமம் செய்துவிட்டதாக நினைப்பு! அதன்பின் பல நாள் அவர்கள் ஒரு கடைத் திண்ணையில் படுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டம் அறியாத என் சமாதானம் அவர்களைத் தெருவில் நிறுத்திவிட்டது.

அன்று நான் சொல்லியிருக்கவேண்டியதை இன்று சொல்கிறேன். வாயால் சொன்னதற்காக எவரும் வீட்டைவிட்டு இறங்கவேண்டியதில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை நீதிமன்றத்தின் ஆணையின்றி வெளியேற்ற முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கவும் கூடாது. ஆனால் இச்சட்டத்தில் ஒரு முள்ளும் உண்டு. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லையென்றால், அதையே காரணம் காட்டி வெளியேற்றக் கோரலாம். நம்மில் எத்தனை பேரிடம் ஒப்பந்தம் இருக்கிறது? "அண்ணன் தம்பி மாதிரிப் பழகுகிறோம், பத்திரம் எதற்கு?" என்பவர்களே அதிகம். வாடகை கொடுத்ததற்கு ரசீதாவது வாங்குங்கள். வழக்கு என்று வந்தால் திண்டுக்கல்லில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், அங்கே வழக்கறிஞர் இலவசம். தொலைபேசி எண் 15100.

இனி அரசு வீடு. இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். கலைஞர் கனவு இல்லத்தில் மூன்றரை லட்சம் தருகிறார்களாமே என்று மனு எழுதுகிறார்கள். 2024-இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டம் ஊரகப் பகுதிக் குடிசைகளுக்கு உரியது, சித்தையன்கோட்டையோ பேரூராட்சி. நமக்குப் பொருந்துவது பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம். அதிலும் தாமே கட்டிக்கொள்ளும் பிரிவுக்குச் சொந்த மனை வேண்டும். மனை இருந்தால் அந்த ஏழை ஏன் வாடகைக்கு இருக்கிறான்?

ஆகவே வாடகைக் குடும்பம் கேட்கவேண்டியது வேறு. ஒன்று, வருவாய்த் துறையிடம் வீட்டுமனைப் பட்டா. மற்றது, 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அந்த வாரியத்தின் குடியிருப்பில் ஒதுக்கீடு. குடும்பத்தார் பெயரில் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஒதுக்கீட்டுக்குப் பயனாளியும் ஒரு பங்குத் தொகை கட்டவேண்டியிருக்கும். மகளிர் குழுச் சேமிப்பை அதற்கென இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

நடக்குமா என்று கேட்கிறீர்கள். நம் மாவட்டத்திலேயே தோட்டனூத்தில், நிலமென்று ஒரு சாண்கூட இல்லாத இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அரசு 321 வீடுகள் கட்டி 2022 செப்டம்பரில் கையளித்தது. அவர்களும் அதற்குமுன் நெடுங்காலம் முகாமில் காத்திருந்தவர்களே. அரசு வீடு ஆண்டுக்கணக்கில் வரும். காலி செய்யச் சொல்லும் தவணையோ வாரக்கணக்கில் வரும். வீட்டுக்காரர் முகம் சுளிக்கும் முன்பே மனு போயிருக்கவேண்டும். அதுவரை தலைக்குமேல் கூரையைக் காப்பது ஒப்பந்தமும் ரசீதும் நீதிமன்றமும்.

எனவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு முதல் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்தில் இளைஞர் இருவர் மனு எழுதித் தருவார்கள். எந்தச் சமயத்தவரும் வரலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு நானும் உடன் வருகிறேன். ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, பழைய வாடகைச் சீட்டு, இருப்பதை எடுத்து வாருங்கள். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.