கொம்பின் மேல் ஒரு தேசப்படம்



ஆறுகளையும் கோட்டைகளையும் கப்பல்களையும் மாட்டுக் கொம்பின் மீது நுண்ணிய கோடுகளாகப் பொறிக்கும் கலை, 18-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் ஓங்கியிருந்தது. 1754 முதல் 1763 வரை அங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். அக்காலத்துப் போர்வீரன் வெடிமருந்தைக் கொம்பில் அடைத்துத் தோளில் தொங்கவிட்டுச் சென்றான். கொம்பு இலேசானது, நீர் புகாதது, தீப்பொறி எழுப்பாதது. அதன் மேற்புறமே அவனுக்கு ஏடும் ஆயிற்று. ஹட்சன் ஆறு, மோஹாக் ஆறு, அவற்றை ஒட்டிய கோட்டைகள் ஆகியவற்றைக் காட்டும் தேசப்படங்கள் பல கொம்புகளில் இன்றும் காணக் கிடைக்கின்றன.

இதில் என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவிப் படித்த மரபு நம்முடையது. ஆனால் ஓலை தட்டையானது. கொம்போ உருண்டு, வளைந்து, நுனியை நோக்கிக் குறுகுவது. அகன்ற பக்கத்தில் தாராளமாகத் தொடங்கிய படம் நுனியருகே இடமின்றித் திணறும். கொம்பைத் திருப்பித் திருப்பியே வேலை செய்ய வேண்டியிருப்பதால், முழுப் படத்தையும் ஒரே பார்வையில் காணவும் இயலாது.

மற்றோர் இடையூறு கொம்பின் இயல்பிலேயே அமைந்துள்ளது. நகத்தைப் போலவே கொம்பும் கெராட்டின் என்னும் பொருளால் ஆனது; படலம் படலமாக வளர்வது. இழையோடும் திசையில் கருவி வழுக்கிக்கொண்டு ஓடும்; குறுக்கே சென்றால் தடைப்படும். ஆகவே, ஒரு சிறு வட்டம் வரைவதும் சோதனையே. கோடு திரும்புந்தோறும் கையின் அழுத்தமும் மாற வேண்டும். பிழைபட்ட கோட்டை நீக்குவதென்றால் அவ்விடம் முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். மிகுதியாகச் சுரண்டினாலோ கொம்பு அங்கே மெலிந்துவிடும். இறுதியில் கரி தடவும்போது, முன்பு சரியாக இழைக்கப்படாத கீறல்களும் அதைப் பற்றிக்கொண்டு கறையாகத் தோன்றும். அதுவும் வெளிர்நிறக் கொம்புக்கே உரிய முறை. கருமையான எருமைக் கொம்பில் கரிக்கோடு தெரியாது.

இவ்வளவு இடர்ப்பாடுகளையும் வென்றவர்களுள் ஒருவர் ஜான் புஷ் என்பவர். மாசசூசெட்ஸ் பகுதியைச் சேர்ந்த கறுப்பினத்தவர்; அடிமையாக இல்லாது, படையில் பணிபுரிந்தவர். 1755-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஏரிக்கரைப் பாசறையில் இருந்தபோது, உடன் இருந்தோருக்காகக் கொம்புகளில் எழுத்தும் கொடியும் பொறித்துக் கொடுத்தார். 1757-இல் அங்கிருந்த வில்லியம் ஹென்றிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் வீழ்ந்தது. சிறைப்பட்ட புஷ் ஊர் திரும்பவேயில்லை.

அவர் அழகுற எழுதியவை கொம்புக்கு உடையவர்களின் பெயர்கள். ஆயினும் அந்த எழுத்துகளின் வளைவையும் சுழிப்பையும் கொண்டே, இது புஷ்ஷின் வேலை என்று ஆராய்ச்சியாளர் இன்று இனங்காண்கின்றனர். நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்துச் சம்பல், ஒடிசாவின் பரலாகேமுண்டி ஆகிய ஊர்களில் கொம்பு வேலை செய்வோர் உள்ளனர். அவர்கள் செய்த பொருள் நம் கைக்கு வரும்போது, விலையை மட்டும் கேளாமல், செய்தவர் யாரென்றும் கேட்போமாக.