வாரம் ஐந்து மார்க்: வராத காரின் கணக்கு

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழைக்கும் மோட்டார் கார் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. நம் நாட்டிலேயே 2009-ல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோவைக் கொண்டு வந்தார்கள். 2018-ல் அதன் உற்பத்தி நின்றது. இன்று அந்தக் கதையை எடுக்கப் போவதில்லை. அதற்கு எழுபது வருஷம் முந்திய ஒரு கதையைச் சொல்கிறேன். ஜெர்மனியில், ஹிட்லர் ஆட்சியில் நடந்தது.

அதற்கு முன் ஒன்று. கார் என்றால் பணக்காரன் சமாசாரம், நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தவித்தவனுக்குத் தெரியும், சின்ன வண்டி ஒன்று வாசலில் நிற்பதன் அருமை. காரைச் செய்கிறவன் தொழிலாளி. அதில் ஏற அவன் ஆசைப்படுவதில் தப்பு என்ன? ஆனால் ஆசையைக் காட்டி யார் பணம் வசூலிக்கிறான், வசூலித்த பணம் எங்கே போகிறது, கேட்பதற்கு நமக்குச் சங்கம் இருக்கிறதா — இதைத்தான் பார்க்க வேண்டும்.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தான். அந்த வருஷம் மே தினத்தைக் கூலியோடு கூடிய விடுமுறையாக்கினான். நல்ல மனுஷன்தானே என்று சிலர் நினைத்தார்கள். சங்கத் தலைவர்களே ஊர்வலத்துக்குப் போகச் சொன்னார்கள். மறுநாள், மே 2-ந் தேதி, நாடு முழுவதும் தொழிற்சங்க ஆபீசுகளில் நாஜிக் குண்டர்கள் புகுந்தார்கள். தலைவர்களைப் பிடித்துப் போனார்கள். கட்டிடம், அச்சகம், வங்கியில் கிடந்த சந்தாப் பணம் எல்லாம் பறிபோயிற்று. அதற்குப் பதிலாக 'ஜெர்மன் தொழிலாளர் முன்னணி' என்று ஒன்றை வைத்தார்கள். ராபர்ட் லே என்ற நாஜி அதற்குத் தலைவன். முதலாளியும் அதில் அங்கத்தினன், தொழிலாளியும் அங்கத்தினன்! வேலைநிறுத்தம் கிடையாது. கூலியை சர்க்கார் நியமித்த அதிகாரி தீர்மானிப்பான்.

இந்த முன்னணிதான் காரையும் கையில் எடுத்தது. 1934-ல் பெர்டினாண்ட் போர்ஷே என்ற இஞ்சினீயரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். ஒரு குடும்பம் ஏறிப்போகிற வண்டி, விலை ஆயிரம் மார்க்குக்குள். அந்தக் காலத்தில் ஓப்பல் கம்பெனியின் மலிவுக் கார் 1,450 மார்க்! சொன்ன விலைக்குச் செய்ய முடியாது என்று மற்றக் கார் முதலாளிகள் முணுமுணுத்தார்கள். அதனால்தான் முன்னணியே ஆலை கட்ட இறங்கிற்று. 1938 மே 26-ல் ஹிட்லர் அஸ்திவாரக் கல் நாட்டினான். பறிமுதல் செய்த சங்கச் சொத்தை விற்ற பணமும் அந்த ஆலைக்குள் போயிற்று. தொழிலாளியின் சந்தாவில் ஆலை. அதே தொழிலாளியிடம் மறுபடியும் வசூல்.

வசூலைப் பாருங்கள். கார் விலை 990 மார்க். வாரம் ஐந்து மார்க்குக்கு ஒரு ஸ்டாம்பு வாங்கிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். 198 வாரம், ஏறக்குறைய நாலு வருஷம். இன்ஷூரன்சுக்குத் தனியாக 200 மார்க். கட்டின பணத்துக்கு வட்டி இல்லை. புத்தகத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. நடுவில் விலகினால் பிடித்தம். கார் எந்தத் தேதியில் வரும்? எழுத்தில் கிடையாது!

ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு அப்போது வாரக் கூலி முப்பது மார்க்கைச் சுற்றி. அதில் ஆறில் ஒரு பங்கு ஸ்டாம்புக்கு. வாரம் மூவாயிரம் ரூபாய் பார்க்கிற நம் ஆலைத் தோழர் வாராவாரம் ஐந்நூறு ரூபாயை, வராத காருக்குக் கட்டுகிற மாதிரி. வந்தாலும் பெட்ரோலுக்கு எங்கே போவான்? ஆகவே ஸ்டாம்பு ஒட்டினவர்களில் ஆலைத் தொழிலாளர் மிகச் சிலர். பெரும்பாலோர் குமாஸ்தா, உபாத்தியாயர் போன்ற நடுத்தர வர்க்கத்தார். ஜெர்மன் தொழிலாளிக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வாய்தான் இல்லை.

மொத்தம் 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் கட்டினார்கள். 27 கோடி மார்க்குக்கு மேல் சேர்ந்தது. எத்தனை பேருக்குக் கார் வந்தது? ஒருவருக்குமில்லை.

1939 செப்டம்பரில் யுத்தம். ஆலையிலிருந்து ராணுவ ஜீப் போன்ற வண்டிகள் வந்தன, ஐம்பதாயிரத்துக்கு மேல். ஜனங்களுக்கென்று சொன்ன கார் சில நூறுதான் செய்தார்கள். நாஜிப் பெரிய மனிதர்கள் ஏறிப் போனார்கள். அப்போதும் ஸ்டாம்பு விற்பனை நிற்கவில்லை.

ஆலைக்குள்ளே யார் வேலை செய்தார்கள்? போலந்துப் பெண்கள், சோவியத் யுத்தக் கைதிகள், பிரெஞ்சுக்காரர், சித்திரவதை முகாம்களிலிருந்து ஓட்டி வந்த யூதர்கள். யுத்த காலத்தில் சுமார் இருபதாயிரம் பேர் அங்கே கட்டாய உழைப்பில் வதைந்தார்கள். போலந்து, சோவியத் பெண்கள் பெற்ற சிசுக்களைத் தாயிடமிருந்து பிரித்து, கடைசியில் ரூயென் என்ற கிராமத்தில் அடைத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட சிசுக்கள் செத்தன. தாய்மார்களே, பாலுக்கு அழுத சிசுக்கள்! பொறுப்பாக இருந்த ஆலை டாக்டரை யுத்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவக் கோர்ட்டு விசாரித்து 1947-ல் தூக்கிலிட்டது.

கார் கெட்ட கார் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். பின்பக்கம் இஞ்சின், காற்றால் குளிர்வது. பனியில் உறையத் தண்ணீரே கிடையாது. பிரிட்டிஷார் மேற்பார்வையில் ஆலை மறுபடி ஓடிற்று. அதுதான் வோக்ஸ்வாகன். 1972-ல், அதிகம் விற்ற கார் என்ற போர்டு கம்பெனியின் பழைய சாதனையை முறியடித்தது. 2003-ல் மெக்சிகோவில் கடைசி வண்டி வந்தபோது மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து லட்சம்.

சரி, ஸ்டாம்பு ஒட்டினவர்கள்? புத்தகத்தோடு ஆலை வாசலுக்குப் போனார்கள். பணம் வாங்கியது தொழிலாளர் முன்னணி, நாங்கள் அல்ல என்றது கம்பெனி. முன்னணியோ கலைக்கப்பட்டு விட்டது. பணம் கிடந்த பெர்லின் வங்கி, செஞ்சேனை நகரைப் பிடித்தபோது அதன் வசம் போயிற்று. நாஜிகளின் கஜானாவென்று அதை எடுத்தார்கள். கட்டின குமாஸ்தாவுக்கு அது ஆறுதலா? ஸ்டாம்புக்காரர்கள் சங்கம் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். தனித்தனியாகக் கட்டினவர்கள், நஷ்டப்பட்ட பிறகுதான் ஒன்று சேர்ந்தார்கள்.

கோர்ட்டு கோர்ட்டாக வழக்கு நடந்து 1961-ல் சமரசம் ஆயிற்று. புத்தகம் பூராவும் ஒட்டினவர் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி. அன்றைய கார் விலையில் அது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். கார் வேண்டாம் என்றவருக்கு ரொக்கம் 100 மார்க். முதல் ஸ்டாம்பு ஒட்டி இருபத்திமூன்று வருஷம் ஆகியிருந்தது.