மூன்றாவது வேனுக்கு முன் ஒரு சின்னக் கணக்கு

(சென்ற ஞாயிறு மாலை கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்டேஷனுக்குப் போய்வரும் நம் குடியிருப்பின் இரண்டு வேன்கள் போதவில்லை, மூன்றாவதாக ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்கிற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது. வாடகை, டீசல், டிரைவர் சம்பளம், அதனால் மாதாமாதம் மெயின்டனன்ஸில் எவ்வளவு ஏறும் என்பதையெல்லாம் பொருளாளர் சுற்றறிக்கையில் கொடுத்துவிட்டார். அதற்குள் நான் போகவில்லை. பாங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்களின் முகத்தையே பல வருஷம் பார்த்தவன் நான். காத்திருப்பதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? போன கூட்டத்தில் வேனில் உட்கார இடமில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "ரயிலை விட்டு இறங்கி ஓடி வருகிறேன், வேனின் பின்பக்க விளக்குதான் தெரிகிறது" என்பதுதான் எல்லோர் குறையும். அதாவது வண்டி பற்றாக்குறை இல்லை. ரயிலும் வேனும் சந்திக்கவில்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். மாலையில் சிட்டியிலிருந்து 12 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்திலிருந்து படி ஏறி இறங்கி வேன் நிற்கும் இடத்துக்கு வர 4 நிமிடம். வேன் ஒரு சுற்று சுற்ற 48 நிமிடம்: போக 20, வர 20, டிரைவர் டீ குடித்துக் காலை நீட்ட 8. இரண்டு வேன் என்பதால் 24 நிமிடத்துக்கு ஒன்று. வேன் எண்களை டிரைவர்களின் டிரிப் ஷீட்டிலிருந்து எடுத்தேன். ரயில் எண் கணக்கு சுலபமாக இருக்க நானே வைத்துக்கொண்டது.

ரயில் 6.00, 6.12, 6.24, 6.36 என்று வருகிறது. வேன் 6.03, 6.27, 6.51-க்குக் கிளம்புகிறது. 6 மணி ரயிலில் வந்தவர் 6.04-க்கு வேன் நிறுத்தத்தில் இருக்கிறார். ஒரே ஒரு நிமிடத்தில் வண்டி போய்விட்டது. 6.27 வரை, 23 நிமிடம், கையில் பையோடு நிற்கிறார். 6.12 ரயிலில் வந்தவர் 11 நிமிடம் நிற்கிறார். அடுத்தவருக்கு மறுபடி 23, அதற்கடுத்தவருக்கு 11. சராசரி 17 நிமிடம்.

இப்போது மூன்றாவது வேனை விடுவோம். 48-ஐ மூன்றால் வகுத்தால் 16 நிமிடத்துக்கு ஒரு வேன்: 6.04, 6.20, 6.36, 6.52. நான்கு ரயில்களில் வந்தவர்கள் நிற்கும் நேரம் 0, 4, 8, 12. சராசரி 6. பெரிய முன்னேற்றம்தான்.

மூன்றாவது வேன் வேண்டாம், இருக்கிற இரண்டையே 6.03-க்குப் பதில் 6.04, 6.28, 6.52 என்று ஒரு நிமிடம் தள்ளிவிட்டால்? 0, 12, 0, 12. சராசரி அதே 6!

நம்பிக்கை வராதவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். 24 என்பது 12-இன் இரட்டிப்பு. அதனால் ஒன்றுவிட்டு ஒரு ரயிலுக்கு வேன் எப்போதும் தயாராக இருக்கும். 16 அப்படிப் பொருந்தாது. அதனால் வேனைக் கூட்டியும் பயன் பாதி வீணாகிறது. இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எந்த ரயிலுக்கு வேன் உண்டு என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே அந்த ரயிலைப் பார்த்துக் கிளம்பினால் காத்திருப்பே இல்லை.

ரயில் சற்றுப் பிந்தும், மாடிப்படியில் கூட்டம் இருக்கும், முட்டிவலிக்காரர்கள் மெதுவாக வருவார்கள். ஆகவே இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டு 6.06-க்குக் கிளம்பலாம். சராசரி 8 ஆகும். மூன்று வேன் கணக்கிலும் அதே இரண்டு நிமிடத்தைச் சேர்த்தால் அங்கேயும் 8 தான்.

இது என் மூளையில் உதித்ததல்ல. சுவிட்சர்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில், ரயில்வேயில் வேலை பார்த்த சில இளைஞர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். சாமுவேல் ஷ்டேலி என்கிற எஞ்சினியர் அவர்களில் முக்கியமானவர். அந்தக் குழுவுக்கு வழங்கிய பெயர் "ஷ்பின்னர் க்ளப்", நம் பாஷையில் கிறுக்கர் சங்கம். நாடு முழுக்க மணிக்கு ஒரு ரயில், ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் விட வேண்டும் என்பதுதான் அந்தக் கிறுக்கு. 1982 மே மாதம் அது அமலுக்கே வந்துவிட்டது.

அதன் மேல் கட்டியதுதான் பெரிய விஷயம். முக்கிய ஜங்ஷன்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் ரயில்கள் முழு மணிக்குச் சற்று முன்பாக வந்து நிற்கும். பயணிகள் பிளாட்பாரம் மாறி ஏறுவார்கள். மணி அடித்துச் சில நிமிடங்களில் எல்லாம் நாலா திசையிலும் கிளம்பிவிடும். பாங்க்கில் இருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பழைய க்ளியரிங் ஹவுஸில் எல்லா பாங்க்குகளின் ஆட்களும் செக் கட்டுகளோடு ஒரே நேரத்தில் கூடுவோம், அவரவர் கட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவோம். ஆளுக்கொரு நேரத்தில் வந்திருந்தால் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்படி எல்லா ஊரிலும் முழு மணிக்குச் சந்திக்க வேண்டுமென்றால், ஒரு ஜங்ஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக ஆக வேண்டும். சூரிச்சிலிருந்து பெர்னுக்கு அப்போது ஒரு மணிக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. 1987-இல் இதற்கான திட்டத்தை மக்கள் ஓட்டுக்கே விட்டார்கள், மக்கள் சரி என்றார்கள். சுமார் 45 கிலோமீட்டருக்குப் புதுத் தண்டவாளம் போட்டு, 2004 டிசம்பரில் பயண நேரத்தை 56 நிமிடமாகக் குறைத்தார்கள்.

ஏன் 56, இன்னும் செலவு செய்து 45 ஆக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 45 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் இணைப்பு ரயிலுக்காக ஜங்ஷனில் கால் மணி சும்மா நிற்க வேண்டும். அந்தப் பணம் பிளாட்பார பெஞ்சில் உட்காருவதற்குக் கொடுத்த பணம். எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு போதும் என்பது அவர்கள் கொள்கை. முதலில் டைம்டேபிளை எழுதினார்கள், அதற்குத் தேவையான இடத்தில் மட்டும் தண்டவாளம் போட்டார்கள். நம்மிடம் பொதுவாக வண்டி முதலில் வரும், டைம்டேபிள் பிறகு வரும், வந்தால்.

பெர்லினையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சுரங்க ரயிலின் 2005-ஆம் வருஷ டைம்டேபிளைக் கிறிஸ்டியன் லீப்ஷென் என்கிற கணித நிபுணரும் குழுவினரும் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார்கள். மாறி ஏறும் இடங்களில் காத்திருப்பு குறைந்தது. கூடவே ஓட்ட வேண்டிய ரயிலிலும் ஒன்று குறைந்தது. பயணிக்கு நல்லது செய்தால் செலவு கூடத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

நம் ஊரிலும் போன வருஷம், 2025 செப்டம்பரில், "சென்னை ஒன்று" செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். நல்ல காரியம், நானே உபயோகிக்கிறேன். டிக்கெட் ஒன்றான மாதிரி நேரமும் ஒன்றாக வேண்டும். அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வேன் நம் கையில் இருக்கிறது.

இனி என் யோசனை. டிரைவர்களுக்குக் கொடுக்கும் அந்த 8 நிமிட ஓய்வு இப்போது நம் கேட்டில் கழிகிறது. அதை ஸ்டேஷன் வாசலுக்கு மாற்றுங்கள். வேன் 5.58-க்கு ஸ்டேஷனை அடையும், சிட்டிக்குப் போகிறவர்கள் இறங்கிக்கொள்வார்கள். 8 நிமிடம் நிற்கும். 6 மணி ரயிலில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு 6.06-க்குக் கிளம்பும். 6.26-க்கு இங்கே ஆளை இறக்கி ஏற்றி உடனே திரும்பினால் 6.46-க்கு மறுபடி ஸ்டேஷன். சுற்று அதே 48 நிமிடம்தான். சிக்னலில் மாட்டி 5 நிமிடம் பிந்தினாலும் 6.03-க்கு வந்துவிடுகிறது, ரயிலில் வந்தவருக்கு வித்தியாசமே தெரியாது. அதே 8 நிமிடத்தை நம் கேட்டில் வைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஸ்டேஷன் வாசல் டீ நம் கேட் எதிர்க்கடை டீயைவிட எவ்வளவோ தேவலை என்று டிரைவர்கள் சொல்கிறார்கள், அதனால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கழிவறை நம் கேட்டில்தான் இருக்கிறது. ஸ்டேஷனில் கட்டணக் கழிவறை. அந்தக் காசைச் சங்கம் கொடுத்துவிட வேண்டும், டிரைவர் கையிலிருந்து போகக் கூடாது.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிர்த்திசை ரயிலில் வருகிறவர்களுக்கு நேரம் இவ்வளவு அழகாக அமையாது. மாலையில் சிட்டியிலிருந்து வருகிறவர்களே அதிகம் என்பதால் அவர்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நாளைக்கு வேனில் நிற்கவே இடமில்லாமல் போனால் அது வேறு பிரச்சினை. அப்போது மூன்றாவது வேனுக்கு நானே முதலில் கை தூக்குவேன்.

இரவுக் கடைசி வேனுக்கு மட்டும் என் விதி வேறு. அது கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், ரயிலைப் பார்க்கட்டும். ரயில் பிந்தினால் கால் மணி வரை நிற்கட்டும், அந்த நேரத்துக்கு டிரைவருக்கு ஓவர்டைம் கொடுப்போம். அந்த ரயிலில் இறங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். சி பிளாக்கில் இருக்கும் நர்ஸ் பெண், கோச்சிங் கிளாஸ் முடித்து வரும் பிள்ளைகள், வார விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வரும் நம் வீட்டு வேலைக்காரம்மாக்கள். அவர்களுக்கு அடுத்த வேன் என்று ஒன்று கிடையாது. மேம்பாலத்துக்குக் கீழே விளக்கில்லாத அந்தப் பாதையில் நடந்து வர வேண்டும், அல்லது ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

தீர்மானத்தைத் தோற்கடியுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு மாதம் தள்ளி வையுங்கள், போதும். முதல் இரண்டு வாரம் ரயில் எத்தனை மணிக்கு வந்தது, வேன் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை பேர் விட்டார்கள் என்று எழுதுவோம். அடுத்த இரண்டு வாரம் புது நேரத்தில் ஓட்டிப் பார்த்து மறுபடி எழுதுவோம். செக்யூரிட்டி மேஜையில் நீல அட்டை போட்ட நோட்டு வைத்திருக்கிறேன், கோடு போட்டுத் தலைப்பும் எழுதியாகிவிட்டது. மாலை 6-இலிருந்து 8 வரை ஸ்டேஷனில் நிற்க இரண்டு பேர் தேவை. திங்கள், புதன் நான் நிற்கிறேன். மற்ற நாட்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதுங்கள்.