இறக்கி வைப்பதே நிம்மதி!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம்: ‘வீட்டில் இருக்கும் பழைய மரச்சாமான்கள் சொத்தா? சுமையா?’ ‘சுமையே’ அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து, ‘தாத்தா நாற்காலியைத் தொடாதே’ என்று கண்கலங்கப் பேசிவிட்டுப் போன என் அன்புத் தங்கையே! பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தோடு, வீட்டில் பழைய சோபாவில் சாய்ந்துகொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

நான் திருத்தணிக்காரன். எங்கள் ஊர் எல்லை ஊர். கொஞ்ச தூரம் நடந்தால் ஆந்திரா. காயலான் கடைக்காரர் தள்ளுவண்டியில் வந்தால் இரண்டு மொழியிலும் கூவுவார். “பழைய இரும்பு, பழைய கட்டில்... பாத சாமான்லு!” தெலுங்கில் ‘பாத’ என்றால் பழைய என்று அர்த்தம். என் மனைவி திருநெல்வேலி. கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கூவலைக் கேட்டுவிட்டு, உள்ளே போய் என்னுடைய பழைய செருப்பு இரண்டு ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ‘பாத’ சாமான்தானே கேட்டார் என்று! (சிரிப்பு) அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து வெளியே போன ஒரே பழைய பொருள் அதுதான். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அதுதான் இன்றைக்கு என் வழக்கு.

நடுவர் அவர்களே, போகி வந்தால் பழையது போகட்டும், புதியது வரட்டும் என்று எல்லோரும் நன்னூலைத் துணைக்கு அழைப்பார்கள். பவணந்தி முனிவர் அதைச் சொன்னது கட்டிலைப் பற்றி அல்ல. காலம் மாறும்போது சில சொற்கள் வழக்கிலிருந்து மறையும், புதிய சொற்கள் நுழையும், அது குற்றமில்லை என்று மொழிக்குச் சொன்ன இலக்கணம் அது. நான் தமிழ் வாத்தியார், மாணவர்களுக்கு முப்பது வருஷமாக அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் மொழியே பழையதை விடச் சம்மதிக்கும்போது, இந்தத் தமிழ் வாத்தியார் வீட்டில் ஒரு கால் உடைந்த ஸ்டூலை விட மனசு வரவில்லையே! (கைதட்டல்)

எதிரணித் தங்கை செட்டிநாட்டைப் பற்றிச் சொன்னார். பர்மாத் தேக்குத் தூண், கதவு, அலமாரி... அழகாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? அந்தத் தெருக் கடைகளில் பழைய வீடுகளின் கதவும், தூணும், பெட்டியும், நாற்காலியும்தான் விற்பனைக்கு இருக்கும். அங்கே வந்ததால் அந்தக் கதவு செத்தா போய்விட்டது? இன்னொரு ஊரில், இன்னொரு வீட்டில், இன்னொருத்தர் கைபட்டுத் திறக்கிறது. பர்மாவிலிருந்து கடல் தாண்டி வந்த மரம் அது. நம்ம வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனால் அதற்கு என்ன அவமானம்?

இப்போது என் கதையைச் சொல்கிறேன். சிரிக்கிற கதை இல்லை, பொறுத்துக் கேளுங்கள்.

என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடிப் பெற்றுக் கொடுத்த ஊர் அது. அந்த வருஷம் அப்பா ஒரு மேஜை வாங்கினார். ‘ஊர் தமிழ்நாட்டுக்கு வந்த வருஷம் வாங்கின மேஜைடா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதோடு ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பெஞ்சு. அப்பா போனார். பிறகு அம்மாவும் போனார். நான் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில், தம்பி கோயம்புத்தூரில், தங்கை பெங்களூரில். வீடு பூட்டிக் கிடந்தது.

ஒருநாள் போனில் பேசினோம். “என்ன செய்யலாம்?” என்றேன். தங்கை, “ஐயோ, அப்பா கட்டிலை வித்துடாதேண்ணா!” என்றாள். “சரிம்மா, நீ எடுத்துக்கோ.” “எங்க ஃப்ளாட்ல இடம் ஏதுண்ணா?” தம்பி சொன்னான், “நீதானே மூத்தவன், நீ வச்சுக்கோ.” என் வீட்டு லிஃப்டில் அந்தக் கட்டில் நுழையாது. ஆக, மூன்று பேருக்கும் அந்தக் கட்டில் வேண்டும், ஆனால் மூன்று பேர் வீட்டுக்கும் அது வேண்டாம்! இதற்குப் பெயர் பாசமா, நடுவர் அவர்களே? (சிரிப்பு, கைதட்டல்)

அடிவாரத்தில் பூக்கட்டி விற்கிற ஓர் அம்மா, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஒருநாள் நான் வீட்டைத் திறந்தபோது வந்து கேட்டார். “கட்டில் சும்மாதானே கீது, தம்பி? எங்க மாமியார் வுழுந்து இடுப்பு ஒடிஞ்சு தரையில கெடக்குறாங்க. தரையிலருந்து தூக்க முடியல. ஆறு மாசத்துக்குக் குடேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முனைவர் பட்டம் வாங்கினவன், மேடைக்கு மேடை ஈகையைப் பற்றிப் பேசுகிறவன்... “அது அப்பா ஞாபகம்மா, கொடுக்க முடியாது” என்றேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் போனேன். கட்டில் பார்க்க அப்படியே இருந்தது. உட்காரலாம் என்று காலில் கை ஊன்றினேன். விரல் உள்ளே போய்விட்டது. கறையான்! தேக்கை அவ்வளவு சுலபத்தில் கறையான் தொடாதே என்று ஆசாரியைக் கூப்பிட்டேன். தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “சட்டம் மட்டும்தான் சார் தேக்கு. காலும் பலகையும் மாமரம்.” நாற்பது வருஷம் ‘தேக்கு, தேக்கு’ என்று நாங்கள் தூக்கிவைத்த பெருமையைக் கறையான் சரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டது.

வெளியே வந்தேன். பூக்கார அம்மா நின்றிருந்தார். “மாமியார் எப்படிம்மா இருக்காங்க?” என்று கேட்டேன். “போயிட்டாங்க தம்பி. கடைசி வரைக்கும் தரையிலதான்.” அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மனுஷிக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன கட்டிலை நான் கறையானுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்திருப்பார். அப்பாவின் ஞாபகம் என்று நான் காப்பாற்றியது கட்டிலை. அப்பாவை அல்ல. (கைதட்டல்)

சரி, வேண்டாததை எப்படித்தான் அனுப்புவது? போகித் தீயில் போடலாமா? கூடாது! அந்தக் காலத்துப் போகியில் எரிந்தது பாயும் முறமும் ஓலையும். இப்போது பிளைவுட்டில் பசை இருக்கிறது, மெத்தையில் ஃபோம் இருக்கிறது. ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். அது நம் பேரப்பிள்ளை மூச்சில் போகும். 2018 போகியன்று புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்ததை மறந்துவிட்டோமா? 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளும் குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்றுதான் சொல்லின.

ஆற்றங்கரையில் தள்ளிவிடலாமா? அதுவும் கூடாது. ஜப்பானில் பெரிய சாமானைத் தூக்கிப் போட வேண்டுமானால், பணம் கட்டி ஸ்டிக்கர் வாங்கி அதன்மேல் ஒட்டி வைக்க வேண்டும். நம் சென்னை மாநகராட்சியோ 2025 அக்டோபரில், பழைய சோபா, மெத்தை முதலியவற்றைச் சனிக்கிழமைகளில் இலவசமாக வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கியது. யாருக்கும் உதவாததை அப்படி அனுப்பலாம். உதவுவதை மனிதருக்குக் கொடுக்கலாம். நல்ல மரமாக இருந்தால் ஆசாரியிடம் காட்டுங்கள், கட்டில் சட்டம் பெஞ்சாகும், அலமாரிக் கதவு மேஜைப் பலகையாகும். கொடுக்கும் முன்னால் இழுப்பறையை ஒருமுறை துழாவிவிடுங்கள். பத்திரமும் கம்மலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்!

ஸ்வீடனில் மார்கரேட்டா மாக்னுசன் என்ற ஓர் அம்மையார் 2017-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாம் போன பிறகு பிள்ளைகள் தலையில் சாமான் சுமையை வைக்காமல், இருக்கும்போதே ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று. பிள்ளைகள் சண்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அதன் அருமை புரிந்தது.

மூன்று பேரும் திருத்தணியில் கூடினோம். ஒரு விதி வைத்தோம். ஆளுக்கு ஒரு பொருள், கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடிந்த பொருள். தங்கை அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை எடுத்தாள். தம்பி அப்பாவின் கைத்தடி. எனக்கு அவருடைய பேனா. மற்றவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டியவர்களைத் தேடிக் கொடுத்தோம். தங்கை அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அழாமல் கொடுக்கிற பொருள் என்ன பொருள்?

அந்த 1960 மேஜை, அதைக் கறையான் தொடவில்லை. முழுத் தேக்கு. பூக்கார அம்மாவின் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். ஆடிக் கிருத்திகைக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தொடுக்காத பூக்கூடை, இன்னொரு பக்கம் கணக்குப் புத்தகம். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். பல வருஷமாகப் பூட்டின வீட்டுக்குள் நான் தேடின அப்பாவை, நடுவர் அவர்களே, அன்றைக்கு அந்த வீட்டில் பார்த்தேன். (பலத்த கைதட்டல்)

முடிக்கிறேன். எங்கள் ஊர் மலைக்கு 365 படி. காவடி எடுத்து ஏறுகிறோம். எதற்கு? காலமெல்லாம் தோளில் வைத்துக்கொள்ளவா? மேலே போய் இறக்கி வைக்கத்தானே! சூரனை வென்ற முருகனே தன் சினத்தை இறக்கி வைத்துத் தணிந்த இடம் என்பதால்தான் அது தணிகை. சாமியே கோபத்தை இறக்கி வைத்த மண்ணில் பிறந்துவிட்டு, நான் ஒரு கட்டிலை இறக்கி வைக்க அத்தனை வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அத்தனை வருஷம் ஆக வேண்டாம். இன்றைக்கே பரணைப் பாருங்கள், தெருவில் யார் தரையில் படுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கொடுத்தால் அது சொத்து, பூட்டி வைத்தால் அது சுமையே, சுமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.